ஆற்றுக்கு ஒன்றரை மைல்

அக்டோபர் 3, செவ்வாய்

காலை ஆறரைக்கு ஜெனரேட்டர். எஸ்கலான்டே ஊரிலிருந்து இந்தப் பக்கம் நாற்பது மைலுக்குக் காலி மண் கிடக்கிறது. அவ்வளவையும் விட்டுவிட்டு நான் வீடாக வைத்திருக்கும் வேனிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு மனிதர் நேற்று மாலை தான் குடியிருக்கும் இழுவை வண்டியைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். பெயர் பர்ல். ஐடஹோக்காரர், எழுபது தாண்டியவர், மனைவி விட்டுப் போய் ஒன்பது வருஷமாம். ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டதும் காரணம் கேட்கத் தோன்றவில்லை.

"சத்தம் தொந்தரவா இருக்கா அம்மணி?"

"சத்தமா? நான் பூகம்பம்னு நினைச்சேன்."

"காபி போடத்தான். ஒன்பது மணிக்கு நிறுத்திடுவேன்."

இரண்டரை மணி நேரம் கொதிக்கிற காபியை நான் பார்த்ததில்லை.

இது அரசாங்க நிலம். வாடகை கிடையாது. குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, வயிற்றிலிருந்து போகிறதையும் பையில் கட்டி நாமே திருப்பி எடுத்துப் போக வேண்டும். பதினான்கு நாள் இருக்கலாம், அப்புறம் இடம் மாற வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன். ஓசி என்றால் பினாயிலையும் குடிக்கிற கூட்டம் வார இறுதிக்கு வந்து இறங்கும். போன அக்டோபரில் ஒரு கூட்டம் என் ஜூனிப்பர் மரத்தில் ஊஞ்சல் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, போகும்போது ஒரு டயரை விட்டுவிட்டுப் போனது. என் மரம் என்று எழுதுகிறேன். இந்தப் பாலைவனத்தில் எனக்கு ஒரு பிடி மண் சொந்தமில்லை, ஆனாலும் அது என் மரம்தான். அதன் பின்னாலிருந்துதான் ஆற்றுக்கு ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. ஒன்றரை மைல்.

மதியம் மேட்டின் மேல் ஏறினேன். இங்கே சிக்னல் கிடைப்பது அந்த மேட்டில் மட்டும், அதுவும் அதன் மனசு வந்தால். இலவசமாகத் தங்கும் இடங்களுக்கு ஒரு ஆப் இருக்கிறது. வேன்காரர்கள் எல்லாரும் அதைப் பார்க்காமல் சக்கரத்தை உருட்ட மாட்டார்கள். இந்த இடத்துக்கு நான்கரை நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள் பாவிகள். நானும் ஒரு விமர்சனம் போட்டேன்:

"நான்காவது மைலில் பாதை இடிந்துவிட்டது. என் கண்ணெதிரே இரண்டு வேன்கள் மணலில் புதைந்தன. நிழல் போதாது. ஈ உண்டு, தேள் உண்டு. ஆற்றுக்கு வழி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். நடந்து பார்த்ததில் ஆறு எதுவும் தென்படவில்லை. மேற்கொண்டு செல்வோர் தம் சொந்தப் பொறுப்பில் செல்க. ஒரு நட்சத்திரம்."

நெப்ராஸ்காவில் முப்பத்தொரு வருஷம் உணவகச் சமையலறைகளைச் சோதித்து அறிக்கை எழுதியவள் நான். எலிப் புழுக்கை கண்டால் எலிப் புழுக்கை என்று எழுதினேன். இல்லாததை எழுதியதே இல்லை. இன்றுதான் முதல் தடவை. நன்றாகவே வந்திருக்கிறது.

அக்டோபர் 4, புதன்

ஒரு வண்டியும் வரவில்லை. நட்சத்திரம் வேலை செய்கிறது.

அக்டோபர் 5, வியாழன்

தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவும் ஊருக்குப் போனேன். சலவைக்கடையில் துணி சுழன்றுகொண்டிருக்கும்போது மகள் ஆட்ராவிடமிருந்து செய்தி.

"லீவு போட்டிருக்கேன். வேகஸ்ல இறங்கி, ஒரு வேன் வாடகைக்கு எடுத்துட்டு சனிக்கிழமை வர்றேன். எதுக்காக நீ நம்ம வீட்டை வித்தேன்னு காட்டு. பார்த்துட்டுப் போறேன்."

நான்கு தடவை படித்தேன். 'நம்ம' என்பதை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறாள். பெற்றவளுக்குத் தெரியாதா.

என் கணவர் லைல் இறந்து ஒரு வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அப்புறம் விற்றேன். மகளிடம் கேட்கவில்லை. விற்ற பிறகு சொன்னேன். மாடி அறையில் அவள் பொருள் பதினொரு பெட்டி இருந்தது. 'ஆட்ரா' என்று லைல் கையால் எழுதிய பெட்டிகள். தேவாலயத்து ஏலக்கடைக்குக் கொடுத்துவிட்டேன். அதில் அவள் கிளாரினெட்டும் இருந்தது. முப்பத்தைந்து வயதுக்காரி, பல் மருத்துவமனையில் வேலை, ஊதுவதை விட்டே பதினேழு வருஷமாகிறது — இப்படியெல்லாம் நியாயம் சொன்னேன். அதிலிருந்து ஒன்றரை வருஷமாக நவம்பரில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் பேசுகிறாள். வானிலை பற்றி.

இப்போது வருகிறேன் என்கிறாள். நெடுஞ்சாலையில் எங்கே திரும்ப வேண்டும், எந்த மைலில் மரம் தெரியும், எல்லாம் எழுதி அனுப்பினேன். அப்புறம் காலி இயந்திரம் ஒன்றில் காசைப் போட்டுவிட்டு நின்றேன். பக்கத்து இயந்திரத்துக்காரி சோப்பு வேண்டுமா என்று கேட்டாள்.

இந்தத் தடவை தவறவிட்டால் அவள் மறுபடி வர மாட்டாள். அவள் என் மகள். எனக்குத் தெரியும்.

அக்டோபர் 6, வெள்ளி

ஒத்திகைக்காக ஆற்றுக்கு நடந்தேன். அறுபத்து நான்கு வயதில் தனியாக நடந்து மகளுக்குப் பாதை சோதிக்கிறேன். பழைய உத்தியோகம் போகுமா.

முதல் அரை மைல் மணல். இரண்டடி வைத்தால் ஓரடி பின்னால் போகும். அடுத்தது வழுக்குப்பாறை, அங்கங்கே கல் அடுக்கி வழி காட்டியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு சரிவு. அங்கே கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்து சறுக்க வேண்டும். இறங்க நாற்பது நிமிடம், ஏற ஒரு மணி பத்து நிமிடம், அதில் பதினைந்து நிமிடம் 'காட்சியை ரசிக்க' நின்றது.

சரிவில் ஒருவன் எதிரே ஏறி வந்தான். ரப்பர் செருப்பு, கையில் கால் பாட்டில் தண்ணீர், முகம் தக்காளி. இறங்கும்போது எளிதாக இருந்ததாம். பாலைவனத்தை மொட்டைமாடி என்று நினைத்து வருகிறார்கள்.

"மேல போக இன்னும் எவ்வளவு தூரம்?"

"செருப்புக்கு ரொம்ப தூரம்," என்றேன். என் இரண்டாவது பாட்டிலைக் கொடுத்தேன். நன்றி சொல்லாமல் பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

ஆறு. என் ஊரில் இதை ஓடை என்பார்கள். கணுக்கால், அதிகம் போனால் முழங்கால். ஆனால் இவ்வளவு காய்ந்த கல்லுக்கு நடுவே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கரை மரங்கள் எல்லாம் மஞ்சள். உள்ளே இறங்கி நின்றேன். குளிர் எலும்பில் ஏறியது. எனக்கு அங்கே சந்தோஷமாக இருக்கிறது. இதைக் கேலி பண்ண எனக்கே வரவில்லை.

அவளிடம் என்ன சொல்வது? 'பார், இதற்காகத்தான்.' சீ. நாடகம் மாதிரி இருக்கிறது. 'உன் அப்பா இருந்தால்—' அதைவிட மோசம். 'கால் நனைக்கிறாயா?' இது பரவாயில்லை.

அக்டோபர் 7, சனி

வேனைக் கூட்டினேன், துடைத்தேன், என்னிடமே சோதனை நடத்தி என்னையே பாஸ் போட்டேன். மாட்டிறைச்சி மிளகாய்க் குழம்பு வைத்தேன். ஊரிலிருந்து வாங்கி வந்த இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியை அடுப்பருகே சூடாக வைத்தேன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்தவள் ஆட்ரா, எங்கள் பள்ளிக்கூடங்களில் அதுதான் மதியச் சாப்பாடு. பர்ல் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தார்.

"கறிக் குழம்புக்கு இனிப்பு ரொட்டியா? உங்க ஊர்ல யாரும் தட்டிக் கேட்கறதில்லையா?"

"காபியை இரண்டரை மணி நேரம் கொதிக்க வைக்கிறவங்க பேசக் கூடாது."

அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். இரண்டாவது கிண்ணம் அவராகவே எடுத்துக்கொண்டார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற ஆசாமி.

மாலை ஐந்து வரை பாதையில் தூசு கிளம்புகிறதா என்று பார்த்தேன். ஐந்துக்குப் பிறகும் பார்த்தேன்.

வரவில்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

காலையிலும் வரவில்லை. வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ. வாடகை வேன், பழக்கமில்லாத கை. இல்லை, மனசு மாறிட்டாளா? வர்றேன்னு சொல்லிட்டு இப்படியா பண்ணுவா?

பர்ல் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு பாதையைப் பார்த்துப் பயந்திருக்கும் அம்மணி. ஆப்ல ஒருத்தி எழுதியிருக்கா பாருங்க. பாதை இடிஞ்சு போச்சாம், ரெண்டு வேன் புதைஞ்சு போச்சாம். முந்தாநாள் ஊர்ல படிச்சேன். நான் வந்த அடுத்த நாள் எழுதியிருக்கா. என் கண்ணுக்கு ஒரு புதைஞ்ச வேனும் தெரியலையே."

நான் குழம்புச் சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"ஆறே இல்லைன்னு எழுதியிருக்கா. என்ன வாய்க்கொழுப்பு பாருங்க. இடம் முழுசா தனக்கே வேணும்னு எழுதற கேஸு. இந்த மாதிரி ஆளுங்களை நான் நிறைய பார்த்திருக்கேன்."

"எப்படித் தெரியும் பொம்பளைன்னு?" என்றேன்.

"ஆம்பளைக்கு இவ்வளவு பொறுமை ஏது."

மேட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன், இந்த முழங்காலோடு. ஏறி நின்றதும் செய்தி வந்து விழுந்தது. நேற்று மதியம் அனுப்பியது.

"திரும்புற இடத்துல நின்னு ஆப்பைப் பார்த்தேன். எஸ்கலான்டே ஊருக்கே திரும்பிட்டேன்."

பாதை நன்றாக இருக்கிறது, அதை எழுதியவள் பொய் சொல்கிறாள், தைரியமாக வா என்று அடித்தேன். பதில் உடனே வந்தது.

"தெரியும் அம்மா. பாதையைப் பத்தி நான் பயப்படல. எழுதினது நீதான்னு படிச்சதுமே தெரிஞ்சிடுச்சு. 'சொந்தப் பொறுப்பில் செல்க.' உன்னைத் தவிர யாரு அப்படி எழுதுவா. யாரும் வரக் கூடாதுன்னு இவ்வளவு பாடுபட்டிருக்கே. நான் எதுக்கு வரணும்?"

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் எழுதி வேறு வைத்தது.

அது உனக்கில்லடி. உனக்கு எழுதலடி. ஊர்க்காரங்களுக்கு எழுதினது. இதை அடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அரை மணி நேரம் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அந்த மேட்டில் நின்றேன். கீழேயிருந்து பர்ல் கையசைத்தார். நான் அவருக்குக் கையசைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அக்டோபர் 9, திங்கள்

விடிந்ததும் கிளம்பினேன். பர்ல் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"இடம் போயிடும். உங்க நாற்காலியைப் போட்டுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்."

நாற்காலி போட்டு இடம் பிடிப்பவர்களை இந்த நோட்டிலேயே எத்தனை பக்கம் திட்டியிருக்கிறேன். கை நாற்காலியிடம் போகத்தான் செய்தது. மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு போய்விட்டேன்.

"பர்ல், அதை எழுதினது நான்தான்," என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன்.

"நேத்து நீங்க ஓடினப்பவே தெரியும்," என்றார்.

ஆட்ரா ஊருக்குள் காசு கொடுத்துத் தங்கும் முகாமில் இருந்தாள். பக்கவாட்டில் ஓநாய் படம் வரைந்த வாடகை வேன். குழாயடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். லைல் மாதிரியே நிற்கிறாள், ஒரு காலில் எடையைப் போட்டு. என்னைப் பார்த்தும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. இரண்டு நிமிடக் கணக்கு முடியும் வரை தேய்த்துத் துப்பினாள். தொழில் பக்தி.

"அந்த விமர்சனம் உனக்கு எழுதலடி."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"எல்லாருக்கும் எழுதறே. நானும் அந்த எல்லாருல ஒருத்தி. அதை நீ யோசிக்கவே மாட்டே. வீட்டை விக்கறப்பவும் யோசிக்கல. உனக்கு ஒண்ணு தோணிச்சுன்னா, மத்தவங்க இருக்கறதே உனக்கு மறந்துபோயிடும்."

என்னிடம் பதில் நிறைய இருந்தது. முப்பத்தொரு வருஷம் எதிர்த்துப் பேசுகிற உணவக முதலாளிகளை வாயடைக்க வைத்தவள். ஒன்றும் எடுக்கவில்லை.

"அந்த வீட்டுல என்னால மூச்சு விட முடியல ஆட்ரா. ராத்திரி அவர் இருமற சத்தம் கேக்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டாங்க. அந்தப் பெட்டியெல்லாம் அவர் கையெழுத்து. அதைப் பார்த்துக்கிட்டே நின்னா நான் செத்துப்போயிடுவேன்னு தோணிச்சு. தூக்கிக் கொடுத்துட்டேன்."

"எனக்கும் அது அப்பா கையெழுத்துதாம்மா."

இதை அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். குழாயடியில் நின்று இரண்டு பேரும் அழுதோம். ஒருவன் பாத்திரம் கழுவ வந்து, பார்த்துவிட்டு, கழுவாமலே திரும்பிப் போனான்.

தப்பு பண்ணிட்டேன்டி என்று சொன்னேன். வாயிலிருந்து வந்தே விட்டது. அவள் தலையாட்டினாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "அந்த இல்லாத ஆறு எங்க இருக்கு?" என்றாள்.

அக்டோபர் 10, செவ்வாய்

நேற்று ஊரை விடும் முன் விமர்சனத்தை அழித்துவிட்டு உண்மையை எழுதினேன். பாதை நன்று, மரம் உண்டு, ஆறு உண்டு. நான் எழுதியதிலேயே படு மோசமான அறிக்கை, ஒரு குறைகூட இல்லை. சாயங்காலம் நாங்கள் வருவதற்குள் என் மரத்தடியில் மூன்று நாய்களோடு ஒரு குடும்பம் குடியேறிவிட்டது. மிச்சமிருந்த சமதரை பர்லின் ஜெனரேட்டருக்கு மறுபக்கம்தான். இன்று அவர் ஒன்பதரைக்குத்தான் போட்டார். விருந்தாளி மரியாதையாம்.

பத்து மணிக்கு ஆட்ராவும் நானும் இறங்கினோம். அவள் ஊர்க்கடையில் புது நடைக்காலணி வாங்கியிருந்தாள், ஏழரை சைஸ். மணலில் பேசவில்லை. பாறையில் பேசவில்லை. சரிவில் நான் உட்கார்ந்து சறுக்கியபோது, "சுகாதார அதிகாரி அம்மா இப்படித்தான் போவாங்களா," என்றாள். அதுதான் இன்றைய முதல் பேச்சு.

கரைக்கு வந்ததும் நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. அவள் காலணியோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். கழற்றுடி என்று கத்த வாயெடுத்து மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் நின்றாள்.

"இதுக்காகவா வித்தே?"

"இல்ல. விக்கறப்ப இது தெரியாது. எங்கயாவது போனா போதும்னு வித்தேன். இது அப்புறம் கிடைச்சது."

"முன்னாடியே இப்படிச் சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருக்க மாட்டேன்."

"போட்டிருப்பே."

யோசித்தாள். "போட்டிருப்பேன். ஆனா பெட்டியை எடுத்துட்டுப் போயிருப்பேன்."

நானும் காலணியைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் இறங்கி நின்றேன்.

"மன்னிக்கல," என்றாள். "வந்தேன்கிறதால மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே."

"சரி."

"சரின்னு இவ்வளவு சீக்கிரம் நீ சொன்னதே இல்ல. உடம்பு சரியில்லையா?"

ஏறும்போது எனக்குப் பாதியில் மூச்சு வாங்கியது. காட்சியை ரசிக்கிறேன் என்றேன். அவள் என் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "ரசி, ரசி," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அக்டோபர் 11, புதன்

மறுபடி ஆறு. அவளேதான் கேட்டாள். இரவு மிளகாய்க் குழம்பு. பர்ல் சொந்தமாகக் கிண்ணம் கொண்டுவந்தார்.

அக்டோபர் 13, வெள்ளி

ஆட்ரா காலையில் கிளம்பினாள். அதிகம் கட்டிக்கொள்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வண்டியில் ஏறியவள் இறங்கி வந்து அந்தக் காலணிகளை என் கையில் கொடுத்தாள். உள்ளே செம்மணல், இன்னும் ஈரம்.

"இதை விமானத்துல எடுத்துட்டுப் போக முடியாது. இங்க இருக்கட்டும்."

"இந்த வேன்ல ஒரு ஊசி வைக்க இடமில்லடி."

"இடம் பண்ணு," என்றாள். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். "கேட்காம யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாதே."

தூசு அடங்கும் வரை நின்றேன். அப்புறம் கட்டிலுக்கடியில் இருந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். என் மழைக்கால பூட்ஸைப் பர்லிடம் கொடுத்தேன். அவர் காலுக்கு அது பொம்மை அளவு, இருந்தும் வாங்கிக்கொண்டார். காலணிகளின் மணலைத் தட்டி, வெயிலில் காய வைத்து, சாயங்காலம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு உள்ளே தள்ளினேன். தள்ளும் முன் பெட்டியின் மேல் பேனாவால் 'ஆட்ரா' என்று எழுதினேன். என் கையெழுத்து லைல் அளவுக்கு அழகில்லை.